வெறும் பைக்கு இடமில்லை

பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் அதிகம் என்பாள் என் நாத்தனார். சிரிக்காமல் போனால், நேற்று கலந்தது தெரிந்துவிட்டதோ என்ற பயத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார் என்பாள். அந்த மனிதர் எந்த முகத்தோடு வந்தாலும் அவளிடமிருந்து தப்ப முடியாது. ராங் நம்பர் என்று யாராவது போனை வைத்தால், அந்த ஒரு வார்த்தைக் குரலிலிருந்தே ஆளின் வயது, உயரம், உள்நோக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன், ஒருநாள் வேலை முடிந்து வரும்போது எனக்கென்று பூப்போட்ட குடை ஒன்று வாங்கி வந்தார். நான் அதை இன்னும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், "அண்ணி, எதுக்குன்னு கேளுங்க. மழைக்காலம் முடிஞ்சப்புறம் எந்த ஆம்பளை குடை வாங்குவான்?" என்றாள். கேட்டேன். கடையில் பாதி விலைக்குப் போட்டிருந்தார்களாம். இருந்தாலும் அந்த வருஷம் முழுக்க எனக்கே அந்தக் குடையின் மேல் ஒரு கண் இருந்தது.

அவள் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். கதவுக்கு மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு. கட்டிலில் படுத்தபடியே வெளிப் படிக்கட்டு தெரிய வேண்டும் என்று முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து மாட்டியிருக்கிறாள். தலை வாரும்போது அவளுடைய முகம் பாதிதான் தெரியும். படிக்கட்டு முழுசாகத் தெரியும்.

பிறக்கும்போதே இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் வெகுளி என்றால் அப்படி ஒரு வெகுளி. அவளுடைய கணவர் இயந்திர உதிரிப் பாகங்கள் விற்கிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். இவள் அவருக்குத் துணி மடித்துக் கொடுத்து வழியனுப்பிவிட்டு, திரும்பி வரும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஒருநாள் துவைக்கப் போட்ட அவருடைய சட்டைப் பையில் ஒரு சின்னப் பெண் குழந்தையின் ஹேர்கிளிப் இருந்தது. இவர்களுக்குக் குழந்தை கிடையாது. கிளிப்பை எடுத்துக்கொண்டு போய் மாமியாரிடம் காட்டியிருக்கிறாள். மாமியார் ஆச்சரியப்படவில்லை. அதுதான் இவளை வெட்டிப் போட்டது. மாமியாருக்குத் தெரிந்திருக்கிறது, கொழுந்தனுக்குத் தெரிந்திருக்கிறது, வீட்டை வாடகைக்கு விட்டவருக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும்கூடத் தெரிந்திருக்கிறது. வெளியூரில் அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள்.

ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். அழவில்லை. இரவு என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அவர் செஞ்சதுகூடப் போகட்டும் அண்ணி. எல்லாருக்கும் தெரிஞ்சு எனக்கு மட்டும் தெரியாமப் போச்சே" என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆள் மட்டும் எதிரில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அதிலிருந்துதான் இந்தக் குணம். இனி எதையும் எல்லாருக்கும் முன்னால் தான் தெரிந்துகொண்டுவிட வேண்டும். ஆனால் யாரிடமும் கேட்க மாட்டாள். கேட்டால் பொய்தான் வரும் என்பது அவளுடைய தீர்மானம். பார்ப்பாள், முகர்வாள், அங்கே கேட்டதையும் இங்கே பார்த்ததையும் முடிச்சுப் போடுவாள், தீர்ப்பு எழுதிவிடுவாள். எதையாவது கேட்டே ஆக வேண்டும் என்றால் குடை விஷயத்தில் செய்தது போல என்னை அனுப்புவாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஏற்ற வேலை ஒன்று உலகத்தில் இருந்தது, அதை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். எங்கள் ஊர்க் கடற்கரையில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் பெரிய இரும்பு முள் வைத்த கதவு. நான் அந்தக் கதவுக்கு வலது பக்கம் டிக்கெட் கொடுக்கிறவள். இடது பக்கம், அந்தக் காலத்துக் காவலர்கள் தங்கிய வளைந்த கூரை போட்ட அறையில், வருகிறவர்களின் பைகளை வாங்கி வைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. முன்பெல்லாம் பையோடு மேலே போகலாம். யாரோ ஒரு புண்ணியவான் அருங்காட்சியகத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு பஸ் ஏறிப் போய்விட்ட பிறகு, பைகள் உள்ளே போகக் கூடாது என்று விதி வந்தது.

என் நாத்தனார் அந்த அறைக்குள் போன நாளிலிருந்து, ஒரே ஒரு தடவை தவிர, ஒரு பை மாறியதில்லை, ஒரு பை காணாமல் போனதில்லை. உப்புக் காற்றில் துருப்பிடித்த இரும்பு அலமாரிகள், ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னல் வழியாகப் பையை வாங்குவாள், எண் போட்ட பித்தளை வில்லையைக் கொடுப்பாள், அதே எண் போட்ட இன்னொரு வில்லையைப் பையில் கட்டுவாள். அவளுக்கென்று சில சட்டங்கள் உண்டு. பையை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பையின் சொந்தக்காரர் தவிர வேறு யாரிடமும் தரக் கூடாது, பெற்ற தாயாக இருந்தாலும் சரி. வெறும் பைக்கு வில்லை கிடையாது. வெறும் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வரும்போது உள்ளே சாமான் இருந்தது என்று சண்டை போடுவார்கள் என்பது அவளுடைய வாதம். அப்படி யாரும் சண்டை போட்டதில்லை. போடுவதற்கு முன்னாலேயே அவள் பிடித்துவிட்டாள், அவ்வளவுதான்.

கோட்டையில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். வைத்தது எங்கள் வழிகாட்டி. அவனை நாங்கள் சரித்திரம் என்று கூப்பிடுவோம். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, எந்தக் கொத்தளத்தில் எந்த ராணி குதித்தாள் என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்கிற ஆள். அவன் கதை சொல்லிக்கொண்டே போகும்போது என் நாத்தனார் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "போன வாரம் அந்த ராணி கிழக்குப் பக்கம் குதிச்சாங்களே தம்பி" என்பாள். அவனுக்கு முகத்தில் ஈ ஆடாது.

நாங்கள் பிறகு புதன்கிழமைக்காரர் என்று சொன்னவர் முதன்முதலில் வந்தது காற்றடித்த ஒரு புதன்கிழமையில். ஐம்பதைத் தாண்டிய மனிதர், துவைத்துத் தேய்த்த சட்டை, மெலிந்த உடம்பு, நகங்களில் மட்டும் போகாத கறுப்பு. கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே காய்கறி வாங்கிப் போகலாம் என்று வந்திருக்கிறார் போல, கையில் ஒரு வெறும் துணிப்பை. டிக்கெட் வாங்கியதும் நான்தான் பையை எதிர்ப்பக்கம் கொடுங்கள் என்று அனுப்பினேன். ஜன்னலில் நீட்டினார். என் நாத்தனார் பையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வெறும் பைக்கு இங்க இடமில்லை. மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கோங்க."

எல்லாரும் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். அவர் சிரித்தார். நான்காக மடித்து வைத்துக்கொண்டு மேலே போனார். இறங்கி வரும்போது ஜன்னல் பக்கம் நின்று, "இங்க எப்பவும் இவ்வளவு காத்தாங்க?" என்று கேட்டார்.

"கடல்கிட்டதான் கேட்கணும்" என்றாள் இவள்.

அதற்கும் சிரித்தார். எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க வேடிக்கையாக இருந்தது. அவளிடம் இரண்டு தடவை அடி வாங்கிவிட்டு இரண்டு தடவையும் சிரித்தவர் அதற்கு முன் யாரும் இல்லை.

அடுத்த புதன்கிழமை திரும்ப வந்தார். இந்தத் தடவை பையில் கனமாக ஏதோ இருந்தது. அதற்கடுத்த புதனும் அப்படியே. மழையானாலும் வெயிலானாலும் புதன் மதியம் சாப்பாட்டு நேரம் கழிந்து, கூட்டம் இல்லாத வேளை பார்த்து, அந்தப் பையோடு வந்து நிற்பார். பையை நீட்டும்போது ஒரு பேச்சு, திரும்ப வாங்கும்போது ஒரு பேச்சு. அதற்கு மேல் இல்லை.

என் நாத்தனாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஒரு புதன் இரவு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அண்ணி, ஒருத்தன் ஒவ்வொரு வாரமும் கோட்டையை எதுக்குப் பார்க்கணும்? கோட்டை என்ன வாராவாரம் மாறுதா?"

"காத்து வாங்க வர்றாரோ என்னவோ."

"மேல போறான், ஒரு சுத்துகூடச் சுத்தறதில்லை, உடனே இறங்கி வந்துடறான். சரித்திரம் கூப்பிட்டாலும் நிக்கறதில்லை. பையை வெளியிலிருந்து அமுக்கிப் பார்த்தேன். உள்ள ஏதோ கெட்டியா, சதுரமா இருக்கு. துணி சுத்தி வெச்சிருக்கான்."

"தங்கக் கட்டியா இருக்கும். பேசாம இரு, உனக்கும் ஒண்ணு குடுப்பார்."

அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்த மனிதரைக் கவனிக்க ஆரம்பித்தாள். அவர் பையை மற்ற பைகளோடு வைக்காமல் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள், கண் பார்வையில் இருக்க வேண்டுமாம். புதன்கிழமைகளில் சாப்பாட்டை அவசர அவசரமாக முடித்தாள், அசந்துவிடக் கூடாதாம். ஊதா சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் வேறு நிறம் என்பது அவளுக்குத் தெரியும். வறட்டு இருமல் எந்த வாரம் வந்தது, எந்த வாரம் போனது என்பது தெரியும். ஒரு புதன்கிழமை அவர் அரைமணி தாமதம். இவள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டிக்கெட் அறையிலிருந்து கையை ஆட்டி என்ன என்று சைகை காட்டியதும் சடாரென்று உள்ளே போய்விட்டாள்.

அவர் பேசியதெல்லாம் சாட்சியமாக மாறியது. கூட்டம் கம்மிபோல என்றால், கூட்டம் எப்போது குறையும் என்று வேவு பார்க்கிறார். உங்களுக்கு லீவு எந்த நாள் என்றால் சொல்லவே வேண்டாம். ஒருநாள் மழையில் ஜன்னலுக்கு மேலிருந்து தண்ணீர் அவள் மேசையில் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஒரு சின்னத் தகடு வெச்சா நின்னுடும். நான் வேணும்னா அடிச்சுத் தர்றேன்" என்றாராம்.

"உள்ள நுழைய வழி பார்க்கறான் அண்ணி."

"ஆமா, பார்க்கறார்" என்றேன். "ஆனா நீ நினைக்கற உள்ள இல்லை."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் பொறுமை போய்விட்டது. கோட்டையில் கூட்டிப் பெருக்குகிற பெண்ணுக்குத் தெரியும், கதவுக் காவலருக்குத் தெரியும், சரித்திரம் இதை வைத்து ஒரு ராணி கதையே கட்டிவிட்டான். இந்தத் தடவையும் ஊருக்கெல்லாம் தெரிந்து இவளுக்கு மட்டும் தெரியாமல் போக நான் விடுவதாக இல்லை. உட்கார வைத்து உடைத்தே சொன்னேன். "அந்த மனுஷர் கோட்டையைப் பார்க்க வரலை. உன்னைப் பார்க்க வர்றார்."

"என்னை எதுக்குப் பார்க்கணும்? நான் என்ன பீரங்கியா?" என்றாள். எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு பூட்டும் விழுகிற சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து மெதுவாக, "அண்ணி, அவன் உங்களையும் பேசிக் கைக்குள்ள போட்டுக்கிட்டானா?" என்று கேட்டாள்.

வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு முகம் கழுவப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் மேற்குக் கொத்தளத்துக் கைப்பிடிச் சுவரில் செங்கற்கள் காணாமல் போக ஆரம்பித்தன. கோட்டை முழுக்கக் கருங்கல், அந்தக் கைப்பிடிச் சுவர் மட்டும் பழைய செங்கல். யாரோ ஞாபகார்த்தமாக ஒன்றிரண்டாகப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து எங்கள் கோட்டை அதிகாரிக்கு நல்ல டோஸ். அவர் எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, யார் மேல் துளி சந்தேகம் இருந்தாலும் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். துளி சந்தேகம் என்று என் நாத்தனாரிடம் சொல்வதா? கடலிடம் போய்த் துளித் தண்ணீர் கேட்ட மாதிரி.

ஆனால் அவள் உடனே போகவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. செவ்வாய் இரவு மாடியில் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. புதன்கிழமை காலை, கதவு திறப்பதற்கு முன், அதிகாரி அறைக்குள் போய்விட்டு வந்தாள். காரணம் விவரமெல்லாம் சொல்லியிருக்க மாட்டாள், காரணத்தை வெளியே விட்டால் அது ஊர் சுற்றும் என்பது அவள் கொள்கை. "புதன்கிழமை மத்தியானம் வர்றவரோட பையைப் பாருங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னடி என்றேன். ஒன்றுமில்லை என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஏன் போனாள் என்று பிறகு நிறைய யோசித்தேன். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. புதன்கிழமைக்காக மனசு காத்திருக்க ஆரம்பித்துவிட்டதை அவளே கண்டுபிடித்துவிட்டாள், அவள் கண்ணுக்கு எதுதான் தப்பும்? அந்த ஆள் திருடன் என்று நிரூபணமாகிவிட்டால் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

மதியம் அவர் வந்தார். பையைக் கொடுத்தார். மேலே போய்விட்டு வந்தார். பையை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு என்ன பேசினார்களோ, காற்றில் எனக்குக் கேட்கவில்லை. கதவைத் தாண்டி இரண்டடி வைத்தவரை அதிகாரி மடக்கினார். பையைத் திறந்து, சுற்றியிருந்த பழைய துண்டைப் பிரித்தார். இரண்டு செங்கல். பழைய செங்கல், ஓரம் தேய்ந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அதிகாரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவரைத் தன் அறைக்கு நடத்திப் போனார். நான் டிக்கெட் அறையைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். காவலர், சரித்திரம், பெருக்குகிற பெண் எல்லாரும் வாசலில் நின்றார்கள். என் நாத்தனாரையும் கூப்பிட்டனுப்பினார்கள்.

மேசை மேல் இரண்டு செங்கல். அதற்குப் பின்னால் அதிகாரி. முன்னால் அந்த மனிதர், கையைக் கட்டிக்கொண்டு.

"மேல பேர்த்து, சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டுவந்து, பையில போட்டிருக்கீங்க. வாராவாரம் நடந்திருக்கு. ஒத்துக்கிட்டா மேற்கொண்டு பேசலாம்" என்றார் அதிகாரி.

அவர் ஒரு தடவை நிமிர்ந்து வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி என் நாத்தனார் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. இவர் பையைக் கொடுக்கும்போது கனமா இருந்துச்சா, லேசா இருந்துச்சா?"

லேசாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனிதர் திருடன். இவள் செய்த புகார் சரி. கதை முடிந்தது. ஆனால் அவள் கண்ணால் பார்த்ததை மாற்றிச் சொல்கிறவள் இல்லை.

"கனமாத்தான் இருந்துச்சு" என்றாள். "எல்லாப் புதன்கிழமையும் கனமாத்தான் இருந்துச்சு. போகும்போதும் அதே கனம்தான்."

அதிகாரிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அப்ப என்ன சொல்ல வர்றீங்க? வீட்டுல இருக்கற செங்கலை எடுத்துக்கிட்டு, பஸ் ஏறி வந்து, உங்ககிட்ட குடுத்துட்டு, திரும்ப அதையே தூக்கிக்கிட்டுப் போறாரா? எந்த மனுஷனாவது செய்வானா? எதுக்கு?"

நான் என் நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் செங்கல் மேல் இருந்தது. முடிச்சுப் போடுகிற வேலை உள்ளே நடக்கிறது என்று தெரிந்தது. எதற்காக ஒருவன் பையில் செங்கல் வைப்பான்? பை வெறுமையாக இருக்கக் கூடாது என்பதற்காக. ஏன் வெறுமையாக இருக்கக் கூடாது? வெறும் பையை வாங்க மாட்டேன் என்று சொன்னது யார்? அவளுடைய கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்துகொண்டு வந்ததை நான் பார்த்தேன்.

அவரும் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று, "ஐயா, நான்தான் எடுத்தேன். எழுதிக்கோங்க. கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

"பொய்" என்றாள் என் நாத்தனார்.

அறையில் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் மேசையைப் பார்த்தபடியே ஏதோ முணுமுணுத்தாள்.

"என்னது? சத்தமா சொல்லுங்கம்மா."

"என்னைப் பார்க்க" என்றாள். "என்னைப் பார்க்கத்தான் கொண்டு வர்றார். வெறும் பையை நான் வாங்க மாட்டேன்னு சொன்னேன். அதனால."

வாசலில் சரித்திரம் சிரித்துவிட்டான். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கினான். ஆனால் மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டதும் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். எதற்கும் ஆதாரம் கேட்கிறவள், ஒரு ஆதாரமும் கையில் இல்லாமல், ஒரு ஆண் என்னைப் பார்க்க வருகிறான் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு நிற்கிறாள். அந்த மனிதர் இல்லை என்று ஒரு தலையாட்டினால் போதும், ஆயுசுக்கும் கேலி.

அதிகாரி அவரைப் பார்த்தார். "அப்படியா சார்?"

"ஆமாங்க" என்றார். குரல் பாதிதான் வெளியே வந்தது, மீதியைத் தலை அசைத்துச் சொன்னார். அதிகாரி ஆள் அனுப்பிச் சுவரில் வைத்துப் பார்த்தார். அளவு பொருந்தவில்லை. போகலாம் என்றார்.

வெளியே வந்து, கதவுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். என் நாத்தனார் எதிரில் நின்றாள். நான் போகாமல் அங்கேயே என் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன், அது என் கையில்தான் இருந்தது.

"பையைப் பார்க்கச் சொல்லி யார் சொன்னது?" என்று கேட்டார்.

புகார் சொன்னது யார் என்று அதிகாரி சொல்லியிருக்கவில்லை. இவள் மறைத்திருக்கலாம். "நான்தான்" என்றாள்.

அவர் முகத்தில் இத்தனை வாரமும் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செங்கல் இல்லாத பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அடுத்த புதன்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. என் நாத்தனார் பைகளை வாங்கினாள், வில்லை கொடுத்தாள். ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் பையை வேறொரு பெண்ணிடம் கொடுத்தாள். அவள் வந்ததிலிருந்து முதல் தடவை. அந்தப் பெண்ணே திரும்பி வந்து, ஆன்ட்டி இது என்னுது இல்லை என்றாள்.

ஒரு புதன்கிழமை காலை நான் கிளம்பும்போது வேறு துணி உடுத்தி, கைப்பையை மாட்டிக்கொண்டு கீழே நின்றாள். "லீவு சொல்லிட்டேன். நீங்களும் சொல்லிடுங்க. ஒரு இடத்துக்குப் போகணும்."

"எங்க?"

"தெரியாது. கேட்டுக்கிட்டுத்தான் போகணும்."

கேட்டாள். என் காதையே நம்ப முடியாமல் பின்னால் போனேன். அவர் ஏறுகிற பஸ் எது என்பது அவளுக்குத் தெரியும். நடத்துனரிடம் கேட்டாள். இறங்கிய இடத்தில் மளிகைக் கடையில் கேட்டாள். இஸ்திரி போடுகிறவரிடம், ஊதா சட்டை, மெலிஞ்சவர், ரெண்டாவது பொத்தான் வேற கலர் என்று அடையாளம் சொன்னாள். அவர் உடனே, "குழாய் ரிப்பேர்காரரா? தண்ணித் தொட்டிக்குப் பின்னால நாலாவது வீடு" என்றார்.

சின்ன வீடு. பின்பக்கச் சுவரைப் பாதி இடித்துப் போட்டிருந்தார், செங்கல் அடுக்கியிருந்தது. கதவைத் தட்டினதும் அவரே திறந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"நீங்களா" என்றார்.

"ஒண்ணு கேட்கணும்னு வந்தேன்."

"கேளுங்க."

"உங்களுக்கு வேற குடும்பம் இருக்கா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்லா இருக்கீங்களா என்றுகூட இல்லை, மன்னிச்சுக்கோங்க என்றுகூட இல்லை. ஆனால் இருபது வருஷமாகத் தொண்டையில் நின்ற கேள்வி வேறு எப்படி வெளியே வரும்?

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டதை மதித்து யோசிக்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றார். "இல்லைங்க. இருந்தவ காலமாகி அஞ்சாறு வருஷம் ஆச்சு. பிள்ளைங்க இல்லை. வெளியூர்ல ஒரு தங்கச்சி இருக்கா, எப்பவாவது வருவா. வேற யாரும் இல்லை."

"கோட்டைக்கு எதுக்கு வந்தீங்க?"

"முதல் தடவை கோட்டையைப் பார்க்கத்தான் வந்தேன்."

"அப்புறம்?"

"அதைத்தான் நீங்களே அங்க சத்தமா சொல்லிட்டீங்களே" என்றார். கொஞ்சம் சிரிப்பு வந்தது. கதவை முழுசாகத் திறந்துவிட்டு, எங்களுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ போட்டுக் கொண்டுவந்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. மேசையில் சொட்டுகிற தண்ணீரைப் பற்றி அவர் கேட்டார், இன்னும் சொட்டுகிறது என்று இவள் சொன்னாள். அவள் டீயை முகர்ந்து பார்க்காமல் குடித்தாள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆணியில் தொங்குகிற துணி, அடுப்படியில் கவிழ்த்து வைத்த பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கண் போனது. அலமாரியில் நீளமான பல் வைத்த ஒரு சீப்பு இருந்தது. பெண்கள் வாருகிற சீப்பு. தங்கச்சி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். செத்துப்போனவளுடையதாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். ஏற்கெனவே ஒரு தடவை அவளை வாரியெடுத்துப் பக்கத்தில் படுக்க வைத்தவள் நான். இன்னொரு தடவை என்னால் முடியாது.

வெளியே வந்து தெரு முனை திரும்பியதும் நின்றேன். "நீ முன்னால போய் பஸ் வருதான்னு பாரு. அந்த இஸ்திரிக்காரர்கிட்ட மெதுவா ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு வந்துடறேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணி" என்றாள். "அவர்தான் சொல்லிட்டாரே."